எல்லா நடுக்கமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதுதான் என் அப்பாவுக்குக் கை நடுங்கும். மடியில் வைத்திருந்தால் அசையாது. "வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லிச் சொல்லியே 3 ஆண்டுகள் சத்து மாத்திரையில் கழிந்தன. பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, நத்தை ஓடு போல ஒரு சுருள் வரையச் சொன்னார். தேதி போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். 6 மாதத்துக்கு ஒருமுறை இன்னொன்று. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்த அன்றுதான், நடுக்கத்துக்கும் ஒரு போக்கு உண்டென்று எனக்குப் புரிந்தது.

1817இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோயில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். நொடிக்கு 4 முதல் 6 முறை. கையெழுத்தும் போகப்போகச் சிறுத்துவிடும். அப்பாவுக்கு இருப்பது வேறு: வேலை செய்யும்போது வருவது, பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வது. தைராய்டு மிகுந்தாலும், சில வலிப்பு, ஆஸ்துமா மருந்துகளாலும்கூட நடுக்கம் வரும். முதலில் ஒன்றாகத் தெரிவது சிலருக்கு ஆண்டுகள் கழித்து வேறாகத் தெளிவதும் உண்டு. ஒரே நாளில் பார்த்து முத்திரை குத்துவது எப்படிச் சரியாகும்?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கை நடுங்கும் முதியவர்களிடம் ஒரு சுருளும் நாலு வரிக் கையெழுத்தும் வாங்கி, தேதியிட்டு வைக்க அந்த ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். செலவு, ஒரு தாளும் பேனாவும்தான்.

வாசகி,
தஞ்சாவூர்