கங்காருக் குட்டியை ஏன் கொஞ்ச விடுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையில், பின்னங்காலில் கட்டுப் போட்ட கங்காருக் குட்டியை ஒரு காப்பகத்தில் பார்த்த பகுதியை இரண்டு முறை படித்தேன். குட்டியைத் தூக்கிக் கொஞ்ச விடவில்லையே என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். மெல்பர்னுக்கு வெளியே அப்படியொரு காப்பகத்தில் பல வருடமாகத் தொண்டு வேலை செய்கிறேன். ஏன் விடுவதில்லை என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இங்கே குட்டிகள் பெரும்பாலும் சாலையிலிருந்துதான் வருகின்றன. அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் கங்காருகள் மேய வரும்போது கார் மோதிவிடுகிறது. தாய் செத்துப்போனாலும் அதன் பைக்குள் குட்டி உயிரோடு இருப்பதுண்டு. அப்படி மீட்ட குட்டிக்குக் காயத்தைவிடப் பெரிய எமன் பயம். அளவுக்கு மீறி மிரண்டுபோனால் அதன் தசைகளே சிதைய ஆரம்பிக்கும், சிறுநீரகமும் கெடும். மீட்ட அன்று தெம்பாக இருந்த குட்டி சில நாள் கழித்துச் சாவது இதனால்தான். நாய் குரைப்பது, டிவி சத்தம், கை மாற்றிக் கை தூக்குவது எல்லாமே அதற்குப் பேராபத்து. பருத்தித் துணிப்பையில் போட்டு, அதை ஒரு கம்பளிப் பைக்குள் வைத்து, இருட்டும் அமைதியுமான அறையில் தொங்கவிடுவோம். ரோமம் முளைக்காத குட்டி என்றால் பைக்குள் 32 டிகிரி வாக்கில் சூடு இருக்க வேண்டும். ஒரே ஆள்தான் பால் கொடுப்பார். இதுதான் நாங்கள் அதன்மேல் காட்டும் பாசம்.

அப்புறம் பால். பசும்பால் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை கங்காருக் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வரும், கண்ணில் புரை விழவும் கூடும். கிழக்குச் சாம்பல் கங்காரு என்ற இனம் 36 நாள் போலத்தான் கருவைச் சுமக்கிறது. பிறக்கும்போது குட்டி ஒரு கிராம்கூட இருக்காது. அதுவே தவழ்ந்து ஏறிப் பைக்குள் போய்க் காம்பைப் பிடித்துக்கொள்ளும். பையை விட்டு அடியோடு வெளியேற ஏறத்தாழ 11 மாதம் ஆகும். வெளியே வந்த பிறகும் தலையை உள்ளே நுழைத்துப் பால் குடிக்கும். அதே சமயம் பைக்குள் இன்னொரு சிறு குட்டி வேறொரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கலாம். பெரியதற்கு ஒரு விதமான பாலும் சிறியதற்கு வேறு விதமான பாலும் ஒரே தாயிடம் ஒரே நேரத்தில் சுரக்கின்றன! அதனால்தான் குட்டியின் வயதுக்கேற்பக் கலவை மாறும் பால்பவுடர்களை இங்கே தனியாகத் தயாரிக்கிறார்கள். சின்னக் குட்டிக்குச் சில மணிக்கொரு முறை, நடுராத்திரியிலும் எழுந்து புகட்ட வேண்டும். குடித்து முடித்ததும் தாய் நக்கிவிடுவது வழக்கம். அதற்குப் பதிலாக ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டால்தான் குட்டி சிறுநீர், மலம் கழிக்கும்.

கட்டுரையில் வந்த குட்டியின் கால் கூடியிருக்கும் என்று நம்புகிறேன். பின்னங்கால் முறிவு கங்காருவுக்குச் சாதாரண விஷயம் இல்லை. தாவ முடியாத கங்காருவால் காட்டில் பிழைக்க முடியாது. சிறு குட்டிக்கு லேசான முறிவு என்றால் மருத்துவர்கள் முயன்று பார்ப்பார்கள். தேறாது என்று தெரிந்தால் வலியில்லாமல் முடித்துவிடுவார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் அதை வலியோடு இழுத்துக்கொண்டு வாழவைப்பதுதான் எனக்குக் கொடூரமாகப் படுகிறது. தேறியவற்றை மற்றக் குட்டிகளோடு சேர்த்தே வளர்க்கிறோம். மனிதரோடு மட்டும் வளர்ந்தது கூட்டத்தில் சேராது, நாயையும் காரையும் கண்டு ஓடவும் ஓடாது.

பிள்ளைகளைப் பார்க்க மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் வரும் உங்கள் வாசகர்கள் ஏராளம். ஊருக்கு வெளியே காரில் போகும்போது அடிபட்ட கங்காருவைப் பார்த்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே உதவி எண்ணுக்குப் பேசுங்கள். விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா (03 8400 7300), நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் (1300 094 737). தாய் உயிரோடு இருந்தால் கிட்டே போக வேண்டாம், உதைத்துவிடும். செத்துவிட்டது என்று உறுதியானால் மட்டும் பையைப் பாருங்கள். குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் தயவுசெய்து பிடித்து இழுக்காதீர்கள். காம்பு அதன் வாய்க்குள் உப்பியிருக்கும், இழுத்தால் வாய் கிழிந்துவிடும். என்ன செய்ய வேண்டும் என்று போனில் இருப்பவரே சொல்லித் தருவார். பை காலியாக இருந்து, ஒரு காம்பு மட்டும் நீண்டு தொங்கினால், வெளியே திரியும் குட்டி பக்கத்துப் புதரில் எங்காவது ஒளிந்திருக்கலாம். அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். செத்த கங்காருவின் மேல் பெயின்டால் பெருக்கல் குறி போட்டிருந்தால், ஏற்கெனவே யாரோ பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

குட்டியைப் பையிலிருந்து வெளியே எடுக்கும்படி ஆகிவிட்டால் தலையணை உறையில் சுற்றி, சட்டைக்குள் உடம்போடு அணைத்துச் சூடாக வைத்திருந்து, வருகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. உரிமம் இல்லாமல் வளர்ப்பது இங்கே குற்றம்.

இனி ஆஸ்திரேலியா பற்றிக் கட்டுரை வரும்போது, அந்த இரண்டு எண்களையும் ஒரு மூலையில் கட்டம் கட்டிப் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மெல்பர்ன் வாசகி