யன்னலால் போகும் சூட்டை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

போன மாதம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு யன்னல் அளவெடுக்கப் போனோம். அந்த வீட்டு அக்கா வேறொரு இடத்தில் வாங்கிய விலைத்தாளைக் காட்டினார். ஒரு யன்னலால் மட்டும் வருசத்துக்கு 1,500 கிலோவாற் மணி வெப்பம் போகிறது என்று அதில் இருந்தது. அவர் பயந்துபோயிருந்தார். குசினி மேசையில் இருந்து அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம்.

யன்னலின் பரப்பு, அதன் யூ-மதிப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம் மூன்றையும் பெருக்குவது முதல் முறை. யூ-மதிப்பு என்பது ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீற்றரால் எத்தனை வாற் வெப்பம் போகிறது என்ற எண்; குறைந்தால் நல்லது. ஒன்றரைச் சதுர மீற்றர் பழைய இரட்டைக் கண்ணாடிக்கு யூ-மதிப்பை 2.8 என்று வைப்போம். உள்ளே 21 பாகை, வெளியே மைனஸ் 20 என்றால் 172 வாற் வரும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பார்க்க இது சரியான கணக்கு. அந்தத் தாளிலோ இதையே 24 மணியாலும் 365 நாளாலும் பெருக்கியிருந்தார்கள். ரொறன்ரோவில் மைனஸ் 20 சில இரவுகள்தான்.

வருசச் செலவுக்குப் பாகை-நாள் முறைதான் பொருத்தம். ஒவ்வொரு நாளின் சராசரியும் 18 பாகைக்கு எவ்வளவு கீழே போகிறது என்று பார்த்து, வருசம் முழுவதற்கும் கூட்டுவார்கள். எங்கள் பக்கத்துக்கு அது ஏறக்குறைய 3,600 என்று வைத்து, பரப்பாலும் யூ-மதிப்பாலும் 24 மணியாலும் பெருக்கினால், அதே யன்னலால் வருசத்துக்குப் போவது 363 கிலோவாற் மணி. நாலில் ஒரு பங்கு! வெப்பத்தை உள்ளே திருப்பி விடும் லோ-ஈ பூச்சும் கண்ணாடிகளுக்கு இடையில் ஆர்கன் வாயுவும் உள்ள, யூ-மதிப்பு 1.6 யன்னலைப் போட்டால் 207 ஆகும். மிச்சம் வருசத்துக்கு 156 கிலோவாற் மணி, அதாவது ஏறக்குறைய 16 கனமீற்றர் எரிவாயு. பெரிய காசு இல்லை. அதை மறைத்து விற்க எங்களுக்கு மனமில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீர், யன்னலோரம் இருக்க விடாத குளிர், இவைதான் பலர் யன்னல் மாற்றுவதற்கு உண்மையான காரணம்.

யூ-மதிப்பைச் சொன்னால், கண்ணாடியின் நடுப்பகுதிக்கா, சட்டத்தோடு முழு யன்னலுக்கா என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல கண்ணாடியில் நடுப்பகுதி எண் முழு யன்னலின் எண்ணைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும்.

யன்னல்களுக்குக் கனடாவில் கொடுக்கும் ஈஆர் (எனர்ஜி ரேற்றிங்) எண் வெப்ப இழப்போடு வெயிலால் வரும் சூட்டையும் காற்றுக் கசிவையும் சேர்த்துப் பார்க்கிறது. 34க்கு மேல் நல்லது. ஆனால் அது எல்லாத் திசைக்கும் பொதுவான எண். வெயில் படாத வடக்கு யன்னலுக்கு நாங்கள் யூ-மதிப்பைத்தான் பார்ப்போம்.

பழைய சட்டத்தின் இடுக்கால் வரும் காற்று முதல் இரண்டு கணக்கிலும் இல்லை. காற்று வீசும் நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் ஓரமாக மெல்லக் கொண்டுபோங்கள். புகை வளையும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். நாங்கள் வரும்போது முதலில் அதைத்தான் பார்ப்போம். சில வீடுகளில் ரப்பர் பட்டியை மாற்றினாலே போதும்.

அன்புடன்,
உங்கள் யன்னல் கடைக்காரர்