வினாடி வினா குழுவினருக்கு: அந்த ஏழாம் கேள்வியின் விடையை மாற்றுங்கள்

இங்கே அமீரகத்தில் இருக்கும் நம் சங்கத்தின் வினாடி வினா குழு அண்ணன்மாருக்கு வணக்கம்.

போன வாரம் மேடையில் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள், அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. ஏழாம் கேள்வி, "ஐக்கிய அரபு அமீரகத்தின் பழைய பெயர் என்ன?" என் மகள் "ட்ரூஷியல் ஸ்டேட்ஸ்" என்றாள். தவறு என்று மணியை அடித்தீர்கள். விடைத்தாளில் "கடற்கொள்ளையர் கரை" என்று இருந்ததாம். சரி, எழுதியவர் ஏதோ பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்திருப்பார், யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் மைக்கைப் பிடித்திருந்தவர் அதோடு விடாமல், "இங்கே எல்லாரும் ஒரு காலத்துல கொள்ளைக்காரங்கதாம்மா" என்று சொல்ல அரங்கமே சிரித்ததே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் மதிப்பெண் கேட்டு வரவில்லை. கேள்வித் தொகுப்பிலிருந்து அந்த விடையை எடுத்துவிட்டு, அடுத்த சுற்றுக்கு முன்னால் அதே மைக்கில் ஒரு வரி திருத்தம் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

1971 டிசம்பர் வரை இந்த நாட்டுக்கு அரசாங்கக் காகிதத்தில் இருந்த பெயர் என் மகள் சொன்னதுதான். ட்ரூஸ் என்றால் சண்டை நிறுத்தம். 1835இல் முத்துக்குளிக்கும் பருவத்துக்கு மட்டும் என்று கடல் சண்டையை நிறுத்தி ஷேக்குகள் கையெழுத்துப் போட்டார்கள், 1843இல் அதைப் பத்து வருடத்துக்கு நீட்டினார்கள், 1853இல் நிரந்தரம் என்று ஆனது. கொள்ளையர் கரை என்பது பிரிட்டிஷார் இந்தக் கரைக்கு வைத்த பெயர். இங்கே இருந்தவர்கள் யாரும் தங்கள் ஊரை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தக் காலத்தில் ராஸ் அல் கைமா, சார்ஜா பகுதியை ஆண்ட காசிமிகள் கப்பலே பிடிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிடித்தார்கள். ஆனால் அப்போது அவர்களுக்கும் மஸ்கட்டுக்கும் பகை, மஸ்கட் ஆட்சியாளரோ 1798லேயே கிழக்கிந்தியக் கும்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர். எதிரியின் கூட்டாளி கப்பலைப் பிடிப்பது இவர்கள் கணக்கில் போர், பம்பாயில் இருந்த கும்பெனி அரசின் கணக்கில் கொள்ளை. சார்ஜா ஆட்சியாளர் இங்கிலாந்துக்கே போய் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் இதை முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்து, 1986இல் புத்தகமாகவும் போட்டுவிட்டார். நம் விடைத்தாளுக்கு மட்டும் இன்னும் சேதி வரவில்லை.

உங்களில் பாதிப்பேர் ராஸ் அல் கைமாவில் இருக்கும் தாயா கோட்டைக்கு ஏறிப் படம் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஏறும்போது கையில் தண்ணீர் பாட்டில் இருந்ததா இல்லையா? 1819 டிசம்பரில் வில்லியம் கெய்ர் கிரான்ட் என்ற பிரிட்டிஷ் ஜெனரல், பம்பாய் சிப்பாய்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்களுமாக ஏறக்குறைய மூவாயிரம் பேரோடு வந்து ராஸ் அல் கைமாவைப் பிடித்த பிறகு, மிச்சம் இருந்தவர்கள் அந்தக் குன்றின் மேல்தான் ஒதுங்கினார்கள். சண்டை போடக்கூடியவர்கள் நானூறு பேர் இருக்கலாம், கிட்டத்தட்ட அதே அளவு பெண்களும் குழந்தைகளும். மேலே தண்ணீரும் இல்லை, வெயிலுக்கு ஒதுங்க ஒரு நிழலும் இல்லை. அப்படியும் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் லிவர்பூல் என்ற போர்க்கப்பலிலிருந்து இரண்டு பெரிய பீரங்கிகளை இறக்கி, சேற்று நிலத்தில் இழுத்துக்கொண்டு வந்து சுட்டார்கள். டிசம்பர் 22ஆம் தேதி வெள்ளைக்கொடி ஏறியது. அந்தப் பிள்ளைகளில் யார் கொள்ளைக்காரர் என்று மைக் பிடித்தவர் சொல்லட்டும்.

இத்தனைக்கும் அப்புறம்தான் பேச்சுவார்த்தை, 1820 ஜனவரியில் ஒப்பந்தம். எந்தக் கொடி கட்ட வேண்டும் என்பதுகூட அதில் எழுதியிருக்கிறது, சிவப்பு, சுற்றிலும் வெள்ளை. ராஸ் அல் கைமாவின் கொடியை இன்றைக்கும் பாருங்கள். படகின் பெயர், நீளம், அகலம், எவ்வளவு பாரம் ஏற்றும் என்று எழுதி, ஷேக்கிடம் கையெழுத்து வாங்கிய காகிதம் கையில் இருக்க வேண்டும். தன் ஊர்க் கடலில் போகக் காகிதம்! 1892இல் இன்னும் ஒரு படி மேலே போய், பிரிட்டனைத் தவிர வேறு எந்த நாட்டோடும் ஒப்பந்தமோ கடிதப் போக்குவரத்தோ கூடாது, நிலத்தை வேறு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று எழுதி வாங்கினார்கள். வேறு நாட்டுக்குக் கடிதம் எழுதக்கூட அனுமதி இல்லாத கொள்ளைக்காரர்களை நான் கேள்விப்பட்டதில்லை.

மதராஸ் கதை ஒன்றும் இருக்கிறது, யாருக்காவது தெரியுமா? 1837இல் கர்நாடக நவாப் (நம் ஆற்காட்டு நவாப்) குடும்பத்துக்குச் சொந்தமான 'தரியா தௌலத்' என்ற கப்பல் ஏமன் கரையில் ஏடன் அருகே தரைதட்டியது, சரக்கு கொள்ளை போனது. நம் ஊர்க் கப்பலுக்கு நியாயம் கேட்கத்தான் கும்பெனியின் கேப்டன் ஹெய்ன்ஸ் போனார் என்று கதை. ஆனால் போன இடத்தில், அந்தத் துறைமுகத்தை வைத்திருந்த லஹேஜ் சுல்தானிடம் ஏடனையே விலை பேசினார், வருடத்துக்கு 8,700 வெள்ளிக்காசு. பேரம் முறிந்ததும் 1839 ஜனவரி 19ஆம் தேதி பீரங்கியால் சுட்டுப் பிடித்துக்கொண்டார்கள். நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி கொட்டி வைக்க ஒரு துறைமுகம் தேவைப்பட்டது, மதராஸ் கப்பல் நல்ல சாக்காகக் கிடைத்தது. இதற்கு எந்தக் கரை என்று பெயர் வைப்பது?

1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு, 1911இல் அதை மதராஸுக்கும் நீட்டி, நம் ஊரிலும் முழு முழு சாதிகளையே பிறவிக் குற்றவாளி என்று ரேகை வைக்கச் சொன்னவர்களும் இதே பிரிட்டிஷார்தான். அதை மேடையில் சொல்லி யாராவது சிரித்தால் சும்மா விடுவோமா?

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. கோபத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகிறது.

அன்று திரும்பி வரும்போது வண்டியில் ஆறுதல் பரிசு பென்சில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தவள், "அப்பா, அப்போ நம்ம வீட்டுக்காரத் தாத்தாவும் கொள்ளைக்காரரா?" என்று கேட்டாள். இந்த ஊர்க்காரர் அவர், நோன்பு மாதம் முழுக்கத் தட்டில் ஹரீஸ் (கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைத்தது) கொடுத்தனுப்புகிற மனிதர். போன வருடம் எனக்கு வேலை போய் இரண்டு மாதம் வாடகை நின்றபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லைம்மா என்றேன். "அப்போ ஏன் எனக்கு தப்புன்னு சொன்னாங்க?" என்றாள். அதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

ஆகவே தயவுசெய்து விடைத்தாளைத் திருத்துங்கள், மேடையில் ஒரு வரி சொல்லுங்கள். கேள்வி இருக்கட்டும், விடை மட்டும் மாறினால் போதும். அடுத்த சுற்றுக்கு நாற்காலி போட வழக்கம்போல ஐந்து மணிக்கே வந்துவிடுவேன். மகள் வருவாளா என்று இன்னும் சொல்லவில்லை.