சூப்புச் சட்டிக்கு முன்னால் அது ஒரு பாறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பெர்லின் பயணக் கட்டுரையில், லுஸ்ட்கார்டன் திடலில் உள்ள மாபெரும் கல் கிண்ணத்தின் படத்தைப் பார்த்தேன். "ஒரே கல்லில் செய்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கட்டுரையாளர் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அந்தக் கல் எங்கே கிடந்தது என்று சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. பெர்லினைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்க் மாநிலத்தில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். அந்தக் கல்லின் மீதியைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறையாவது காட்டுக்குப் போகிறவள் நான்.

ஃபூர்ஸ்டன்வால்டே நகருக்குத் தெற்கே ரவுன் குன்றுகளில், மரங்களுக்கு நடுவே, மார்க்கிராஃப் பாறைகள் என்று இரண்டு கிடந்தன. பெரியது சுமார் 700 டன். 1827-ல் காண்டியான் என்ற கல் தொழில் வல்லுநரின் ஆட்கள் அதை ஆப்பு அடித்துப் பிளந்தார்கள். அங்கேயே கிண்ண வடிவம் கொடுத்து, ஷ்ப்ரே ஆறு வரை உருட்டிப் போய், படகில் ஏற்றி, பெர்லினில் நீராவி இயந்திரம் வைத்து மெருகேற்றி, 1831-ல் திடலில் நிறுத்தினார்கள். விட்டம் 6.91 மீட்டர். ஊர்க்காரர்கள் அதைச் செல்லமாக 'சூப்புச் சட்டி' என்பார்கள்.

ஆனால் செதுக்கியவர்களுக்கு, அந்தப் பாறை அங்கே எப்படி வந்தது என்றே தெரியாது. சுற்றிலும் மணல் பூமி. 1875-ல் ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் ஓட்டோ டோரெல், பெர்லினுக்குக் கிழக்கே ரூடர்ஸ்டோர்ஃப் சுண்ணாம்புக்கல் மேல் இருந்த கீறல்களைப் பார்த்து, பனியுகத்தில் வடக்கே இருந்து நகர்ந்து வந்த பனிப்படலம்தான் இவற்றை உரசியது என்று எடுத்துச் சொன்னார். நம் சூப்புச் சட்டியும் தெற்கு ஸ்வீடன் கிரானைட்தான். பனி சுமந்துவந்து, உருகும்போது போட்டுவிட்டுப் போன இப்படிப்பட்ட பாறையை ஜெர்மானியர்கள் 'ஃபிண்ட்லிங்' என்கிறார்கள். பெற்றவர் யாரென்று தெரியாமல் கண்டெடுத்த குழந்தைக்கும் அதே சொல்தான்.

இந்தப் பாறைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்லத்தான் வேரூன்றியது. தாவரவியலாளர் ஹூகோ கொன்வென்ட்ஸ் பொறுப்பில், இயற்கைச் சின்னங்களைப் பேண பிரஷ்ய அரசு ஓர் அலுவலகம் அமைத்தது 1906-ல். அதற்குள் எத்தனையோ பாறைகள் தேவாலயச் சுவராகவும் தெருக்கல்லாகவும் போய்விட்டன. இன்று சின்ன மார்க்கிராஃப் பாறை முழுசாக நிற்கிறது. பக்கத்தில் பெரியதின் மீதி. இரண்டுக்கும் இப்போது சட்டப் பாதுகாப்பு உண்டு.

இந்தப் பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட இடத்தை மஞ்சள் பலகையில் உள்ள கறுப்பு ஆந்தையை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். 1950-ல் குர்ட் கிரெட்ஷ்மன் என்ற இயற்கை ஆர்வலர் உருவாக்கிய அடையாளம் அது. பலகை இருந்தால் மக்கள் நிற்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். என் ஆதங்கம் பலகை இல்லாதவற்றைப் பற்றியது. வடக்கே உக்கர்மார்க் வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகச் சின்னக் குட்டைகள் இருக்கின்றன. அதே பனிப்படலம் விட்டுப்போய், மண்ணுக்குள் புதைந்த பனிக்கட்டி உருகி விழுந்த பள்ளங்கள் அவை. மே மாதத்தில் சிவந்த வயிற்றுத் தேரைகள் அவற்றில் 'உங்க், உங்க்' என்று கூப்பிடும். சட்டம் அவற்றையும் காக்கத்தான் சொல்கிறது. ஆனாலும் கலப்பை கரைவரை வந்துவிடுகிறது. 2018 முதல் மூன்று வருட வறட்சியில் நான் வழக்கமாகப் போகும் குட்டைகளில் இரண்டு வெடித்த சேறாகிவிட்டதைப் பார்த்தேன். 700 டன் கல்லைத் திருடிப் போவது கஷ்டம். ஒரு குட்டை காணாமல்போக நாலு வருட உழவு போதும். காவல் அதிகம் தேவைப்படுவது எதற்கு?

பெர்லின் வரும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிண்ணத்தைப் பார்த்த மறுநாள் ஃபூர்ஸ்டன்வால்டேவுக்கு ரயில் ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரிய பாறையின் மீதியில் ஆப்பு அடித்த தடங்கள் இன்னும் வரிசையாகத் தெரிகின்றன. அதை நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. அடுத்த இதழில் போட இடம் இருந்தால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பிராண்டன்பர்க், ஜெர்மனி