ஒரே பள்ளிக்குள் இரண்டு பள்ளிகள் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமத்துவம் குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேர்க்கை, கட்டணம், உதவித்தொகை, சாய்தளம் எல்லாவற்றையும் பேசிய கட்டுரை, பிள்ளை உள்ளே வந்த பிறகு நடக்கும் பிரிவினையைத் தொடவில்லை. நன்றாகப் படிப்பவர்களுக்கு ஒரு வகுப்பு, மெல்லக் கற்பவர்களுக்கு இன்னொன்று என்று பிரித்து உட்காரவைக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

திறமையைப் பார்த்துத்தானே பிரிக்கிறோம் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் விடைத்தாளில் தெரிவது திறமை மட்டுமா? வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் உண்டா, வீட்டு மொழியும் பள்ளி மொழியும் ஒன்றா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த மதிப்பெண். அதை வைத்துப் பிரித்தால் வசதியும் வறுமையும்தான் தனித்தனி வகுப்புகளில் உட்காரும்.

கனடாவின் டொராண்டோ பள்ளிகளைப் பற்றி யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட அறிக்கை இதைப் பச்சையாகக் காட்டியது. பல்கலைக்கழகப் படிப்புக்கு இட்டுச்செல்லும் பாடப்பிரிவில் வெள்ளையின மாணவர்கள் 81 விழுக்காடு பேர் இருந்தார்கள். கறுப்பின மாணவர்களோ 53 விழுக்காடுதான். இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்களில் பெரும்பாலோர் பதினான்கு வயதைக்கூட எட்டியிருக்க மாட்டார்கள். பின்னர் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணமே ஒன்பதாம் வகுப்பில் பிரிப்பதைக் கைவிட்டது. 2021இல் கணிதத்திலும் அடுத்த ஆண்டு மற்ற பாடங்களிலும் அது நடந்தது.

பின்லாந்து 1970களிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பது ஆண்டுப் பொதுப்பள்ளி என்று மாறிவிட்டது. போலந்து 1999இல் பிரிக்கும் வயதை ஓராண்டு தள்ளிவைத்தது. பதினைந்து வயது மாணவர்களுக்குப் பல நாடுகளில் நடக்கும் பிசா தேர்வில் அந்நாட்டின் வாசிப்பு மதிப்பெண் 2000இல் 479, 2006இல் 508. அதே காலத்தில் அங்கு வேறு மாற்றங்களும் நடந்தன, முழுப் பெருமையும் இதற்கே சேராது. ஆனால், கலந்து உட்காரவைத்தால் தரம் விழுந்துவிடும் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டுக் கைகழுவுவதும் தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழு 2016இலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பாடமுறையையும் கற்பிக்கும் விதத்தையும் மாற்றாமல் பிள்ளையை மட்டும் பொதுவகுப்பில் சேர்ப்பது எல்லோரையும் உள்ளடக்கிய கல்வி ஆகாது. நாற்பது ஐம்பது பிள்ளைகளை ஒற்றை ஆசிரியரிடம் விட்டுவிட்டுச் சமத்துவம் என்று பெயர் வைப்பது அந்த ஆசிரியருக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம். பின்லாந்தில் தடுமாறும் பிள்ளைக்குச் சிறப்பாசிரியர் சில மணி நேரம் உதவுகிறார்; பிறகு பிள்ளை தன் வகுப்புக்கே திரும்பிவிடுகிறது. பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் பள்ளியிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. வகுப்புகளை எதை வைத்துப் பிரித்தீர்கள்? ஆண்டு நடுவில் பிள்ளை மாற வழி உண்டா? கடந்த ஆண்டு எத்தனை பேர் மாறினார்கள்? எல்லோருடைய வரிப்பணத்திலும் நடக்கும் பள்ளி இவற்றுக்கு எழுத்தில் பதில் தரக் கடமைப்பட்டது. அந்தப் பதில்களைத் தங்கள் இதழ் திரட்டி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை