மணலை எண்ண வைத்த அம்மாவுக்கு

மே மாதம், மஞ்சக்குப்பம். சண்டே ஸ்கூல் பாலர் வகுப்பு. பைபிளில் வரும் ஆபிரகாம் பாடத்துக்கு ராத்திரியெல்லாம் வரைந்த சார்ட்டை ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்து நின்றேன். 75 வயதில் ஆண்டவரின் அழைப்பு, 100 வயதில் மகன் ஈசாக்கு என்று வாயால் சொன்னால் நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

லீவுக்கு வந்த பேரனோடு கடைசி பெஞ்சில் இருந்த நீங்கள் எழுந்து போய், வாசலில் கொட்டியிருந்த மணலை ஆளுக்கொரு பிடி அள்ளிக் கொடுத்தீர்கள். "எண்ணுங்க கண்ணுங்களா." ஒருத்தன் பதினேழு வரை போய்த் தும்மிவிட்டான், அத்தனையும் பறந்தது. "எண்ண முடியலல்ல? இவ்ளோ சந்ததி தரேன்னாரு ஆண்டவரு. ஆபிரகாம் தாத்தா 25 வருசம் காத்திருந்தாரு, ஒரு புள்ளைக்கு."

கிளம்பும்போது, "அடுத்த வாரம் பலாச்சுளை கொண்டாரேன்" என்றீர்கள். வழியில் பார்த்த பிள்ளையெல்லாம் "பலாப் பாட்டி வருவாங்களா?" என்று என்னைத்தான் கேட்டது. வராமல் போய்விடுவீர்களோ என்று எனக்குப் பயம். (சொல்லிவிட்டு மறக்கிற ரகம் நான்.)

கத்திரி வெயிலில் பண்ருட்டி பஸ்ஸிலிருந்து தூக்குவாளியோடு இறங்கினீர்கள். கொட்டைகூட எடுத்து வைத்திருந்தீர்கள். அந்த அமளியில் பெயர் கேட்கத் தோன்றவில்லை.

ரொம்ப நன்றிம்மா. தூக்குவாளி என்னிடம்தான் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.