அந்த ஒரு பகுதியை மட்டும்

மார்த்தாண்டம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. இங்கே ஆனிச் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் கட்டியும் ஒரு வாரமாகப் பால்வெட்டு நடக்கவில்லை. கொல்லைப் பலாவில் வருக்கைச் சக்கை இரண்டு பழுத்து விழுந்து அணிலுக்குப் போயிற்று. முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. ஆடி அமாவாசையையொட்டிக் குழித்துறையில் நடக்கும் வாவுபலி பொருட்காட்சிக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும்.

'தி ஆபீஸ்' என்ற அலுவலக நகைச்சுவைத் தொடரைப் பற்றி நீ எழுதியதுதான் மூன்று நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் மகள் போட்டுக் காட்டிய அமெரிக்கத் தொடரை இரண்டு பகுதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, அதற்கு முந்தைய பிரிட்டிஷ் தொடரே உண்மையானது என்கிறாய். எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான். ஏழாவது சீசனில், மேலாளராக நடித்த ஸ்டீவ் கேரல் விலகியதோடு தொடர் முடிந்துவிட்டது என்பான் மகன். பேத்தி ஒன்பது சீசன்களையும், 201 பகுதிகளையும் பார்த்து முடித்தவள். 2013-இல் வந்த கடைசிப் பகுதியில் அவர் சற்று நேரம் வந்து போவதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது. மருமகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். "பகல் முழுவதும் நான் பார்ப்பதையே இரவிலும் போட்டால் எப்படி?" என்று எழுந்து போய்விடுகிறாள். பின்னணியில் சிரிப்பொலி இல்லாததால் எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியவில்லை என்பது அவளுடைய இன்னொரு குறை. எனக்கோ அந்தத் தொடரில் பிடித்ததே அதுதான். சிரிப்பதா வேண்டாமா என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

பிரிட்டிஷ் தொடரைப் பற்றி நீ சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2001-இல் தொடங்கி இரண்டு சீசன்களில் 12 பகுதிகள், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு சிறப்புப் பகுதிகள், அவ்வளவோடு முடித்துக்கொண்டார்கள். வேலையிலிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று அதன் மேலாளர் டேவிட் பிரென்ட் கெஞ்சும் இடத்தில் நான் மூச்சு விடவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். 12 பகுதிகளுக்கு ஒரு மனிதரை மன்னிக்காமல் வைத்திருக்கலாம். ஏழு சீசன்கள் வீட்டுக்கு வந்து போகிறவரை அப்படி வைத்திருக்க முடியுமா? 2005-இல் வந்த அமெரிக்கத் தொடரின் முதல் பகுதி ஏறக்குறைய பிரிட்டிஷ் கதை வசனத்தையே பின்பற்றியது. முதல் சீசனின் ஆறு பகுதிகளில் வரும் மேலாளர் மைக்கேல் ஸ்காட், அதாவது ஸ்டீவ் கேரல் நடித்தவர், ஈரமில்லாத ஆள். இரண்டாவது சீசனிலிருந்துதான் அவரைக் கனிய வைத்தார்கள். நீ பார்த்தது அந்தக் கனியாத பகுதிகளை.

நான் தடுக்கி விழுந்தது வேறோர் இடத்தில். ஆறாவது சீசனில், 2009 டிசம்பரில் வந்த ஒரு பகுதி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நீங்கள் பள்ளிப்படிப்பை முடித்தால் கல்லூரிக் கட்டணத்தை நான் கட்டுகிறேன் என்று மைக்கேல் எப்போதோ வாக்குக் கொடுத்திருக்கிறார். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் படிப்பை முடிக்கும் நிலையில் அவரை அழைத்து, ஆடிப்பாடி வரவேற்கிறார்கள். அவர் கையில் பணமில்லை. அதை ஒப்புக்கொண்டு, கட்டணத்துக்குப் பதிலாக மடிக்கணினிக்கான பேட்டரிகளைக் கொடுக்கிறார். பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக மாறுகிறது. நான் பாதியில் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன். தொடர் முழுவதையும் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், பேத்தி சொன்னாள்.

அவள் மைக்கேலுக்காகத்தான் வாதாடுகிறாள். திரும்பும் வழியில் எரின் என்ற பெண் அவருக்கு ஆறுதல் சொல்கிறாள்: அந்தப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேர் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகிறார்கள், உங்கள் வாக்குத்தான் அவர்களைப் படிக்க வைத்தது என்று. "பாருங்கள் தாத்தா, அவர் நெஞ்சு நல்லது" என்கிறாள் பேத்தி. நெஞ்சு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேமரா அவரோடு காரில் ஏறித் திரும்பிவிடுகிறது. அந்தப் பிள்ளைகளோடு வகுப்பறையில் இருப்பதில்லை. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாயிடம் என்ன சொன்னார்கள் என்று யாரும் காட்டவில்லை.

நாம் வேலை பார்த்த முந்திரி ஆலை, நம் அண்டியாபீஸ், உனக்கு நினைவு வந்திருக்கும். நம் பக்கத்துப் பெண்கள் 'ஆபீசுக்குப் போகிறேன்' என்றால் முந்திரி உடைக்கப் போகிறார்கள் என்றுதானே பொருள். அந்த ஆயுத பூஜையன்று நம் மேலாளர் மைக்கைப் பிடித்து, வருகிற பங்குனிக்குள் தொலி உரிக்கிற கொட்டகை முழுவதும் மின்விசிறி என்று அறிவித்தார். இருநூறு பெண்களும் கைதட்டினார்கள். அவரும் கெட்ட மனிதர் இல்லை. உன் அப்பா இறந்த இரவில் டார்ச் விளக்கோடு மழையில் நடந்து வந்து விடியும்வரை உட்கார்ந்திருந்தவர். அந்த மேடையில் அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை என்றே இன்றும் நம்புகிறேன். கைதட்டல் கேட்ட பிறகு அவருக்கு அது போதுமாக இருந்தது.

பங்குனி வந்தது, போனது. சனிக்கிழமைதோறும் கூலிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பார்களே. ஓர் அம்மாவின் விரல் நுனிகள் இப்போதும் கண்ணில் நிற்கின்றன. பழுப்பேறி, நகக்கண்ணில் தொலித்தூள் அப்பியிருக்கும். இடது கையால் அட்டைத் துண்டு ஒன்றை விசிறிக்கொண்டே வலது கையால் பெயரை எழுதுவார். எழுதி முடித்துவிட்டு, "சார், ஃபேன் எப்போது?" என்பார். "அடுத்த மாதம்" என்பேன் நான். மேலாளரின் வாயிலிருந்து அந்த வாக்கு ஒரே முறைதான் வந்தது. என் வாயிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்தது.

அதனால்தான் திண்ணைக்கு எழுந்து வந்தேன். பேத்தியிடம் இதைச் சொல்லவில்லை. அவள் மைக்கேல் மீது வைத்திருக்கும் அன்பை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

அந்தத் தொடரை வேண்டாம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது சீசனில் பாம் என்ற பெண் தன் ஓவியங்களைக் கண்காட்சியில் வைக்கிறாள். அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் அவள் காதுபடவே குறை பேசிவிட்டுப் போகிறார். படங்களைக் கழற்றப் போகும் நேரத்தில் மைக்கேல் வந்து சேர்கிறார். அவர்களுடைய அலுவலகக் கட்டடத்தை அவள் வரைந்திருக்கிறாள். அதன் முன்னால் நின்று உற்றுப் பார்க்கிறார். தன் ஜன்னலைக் கண்டுபிடிக்கிறார். அதை விலை கேட்கிறார். பேத்தியும் நானும் ஒன்றாக அழுதது அந்த ஒரு பகுதிக்குத்தான். அதை மட்டுமாவது உன் மகளிடம் போடச் சொல்லிப் பார்.

இன்னொன்று. நான் வேலையை விட்ட பிறகு நீ மூன்று ஆண்டுகள் கூடுதலாக அங்கே இருந்தாய். இத்தனை காலம் உன்னிடம் கேட்டதில்லை. அந்தக் கொட்டகையில் மின்விசிறி மாட்டினார்களா? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்